நல்ல கிருமி

— நிஜமா அப்பாதானாம்மா அது? வாசல்ல நின்னு 'வா கண்ணு, சாப்பிட்டியா'ன்னு கேட்டாரு. எனக்குப் பின்னாடி வேற யாராவது நிக்கிறாங்களான்னு திரும்பிப் பார்த்துட்டேன்.

— அவரேதான். மெதுவாப் பேசு. இப்பதான் போய்ப் படுத்தாரு.

— போன தடவை நான் வந்தப்ப இதே வாசல்ல நின்னுதான் 'இந்தப் படி ஏறினே, காலை உடைப்பேன்'னாரு.

— பழசை எதுக்குடி இப்பக் கிளறுறே? உடம்பு முடியாத மனுஷன். கேட்டுக்கோ, வந்த இடத்துல சண்டை இழுக்காதே. அந்த வெங்காயத்தை நறுக்கு.

— நறுக்குறேன். ஒண்ணு மட்டும் சொல்லு. நீ போட்டிருக்கியே, அது என்ன சட்டை? பார்த்தா ஜன்னல் திரை மாதிரி இருக்கு.

— ஜன்னல் திரைதான்.

— அம்மா!

— உங்கப்பா தைச்சது. பேக்டரியில ஊருக்கெல்லாம் சட்டை வெட்டுன கட்டிங் மாஸ்டர், கட்டினவளுக்குன்னு ஒரு கைக்குட்டை தைச்சதில்ல. போன மாசம் ஒரு நாள் இன்ச் டேப்பைக் கையில சுத்திக்கிட்டு வந்தாரு. 'நில்லு'ன்னாரு. அந்த டேப்பு என் முதுகுக்குப் பழகின டேப்பு. கண்ணை மூடிக்கிட்டு நின்னேன். அவரு வெறும் அளவுதான் எடுத்தாரு, பாப்பா. தோளு, கை, கழுத்து. எடுத்துட்டு ஹால்ல கிடந்த நல்ல திரையைக் கழட்டி வெட்டிட்டாரு.

— ரெண்டு கையும் ஒரே பக்கமா வளைஞ்சிருக்கே?

— ரெண்டும் இடது கை. மாத்தி வெட்டிட்டாரு. அரை இன்ச் பிசகினா துணியை மூஞ்சியில விட்டெறியிற ஆளு, அன்னிக்கு விழுந்து விழுந்து சிரிச்சாரு. 'போனாப் போகுது, உன் வலது கை வேலையெல்லாம் இனிமே நான் பார்க்கிறேன்'னாரு. நானும் சிரிச்சிட்டேன். நானும் அதே பேக்டரி செக்கிங்ல உட்கார்ந்து எத்தனை ஆயிரம் சட்டையைப் புரட்டியிருக்கேன்! இது என் மேஜைக்கு வந்திருந்தா அப்பவே ரிஜெக்ட் பெட்டிக்குப் போயிருக்கும். இப்பக் கழட்ட மனசு வரல.

— அம்மா, கட்டிங் மாஸ்டர் ரெண்டு இடது கை வெட்டினா அது சிரிக்கிற விஷயம் இல்ல.

— எனக்கு மட்டும் தெரியாதா?

— நான் தினமும் பார்க்கிறேன். என்கிட்ட வண்டி ஓட்டக் கத்துக்க வர்றவங்க பயத்துல இடது வலது மாத்திடுவாங்க. பயம் போனா சரியாயிடும். அப்பாவுக்கு என்ன பயம்? இது மூளையில வர்ற கோளாறு.

— கல்லீரல் பண்ற வேலைன்னு டாக்டர் சொன்னாரு. அது கெட்டுப்போச்சு. வயித்துல ஊறுற விஷத்தை அதால வடிகட்ட முடியல, அப்படியே தலைக்கு ஏறுதுன்னாரு. இந்தக் கட்டடம் பூரா என்ன பேசுதுன்னு கேட்டுக்கோ. குடிச்சே ஈரலைக் கெடுத்துக்கிட்டானாம். ஒரு சொட்டு தொட்டதில்ல மனுஷன். எந்தக் காலத்துலயோ பேக்டரியில அடிபட்டப்ப ஏத்தின ரத்தத்துல வந்த நோயி.

— மருந்து எல்லாம் ஒழுங்காக் குடுக்கிறியா?

— குடுக்காம? பிரிட்ஜைத் திறந்து பாரு. முட்டைக்குப் பக்கத்துல, கேப்சூல் டப்பா. சூடு பட்டாச் செத்துப்போயிடுமாம், அதான் உள்ள வச்சிருக்கேன்.

— எது செத்துப்போயிடும்?

— உள்ள இருக்குற நல்ல கிருமி. வயித்துல கெட்ட கிருமிதான் விஷத்தை உண்டாக்குதாம். இதை அனுப்பினா அதைத் துரத்திடுமாம். அதோட சேர்த்து விட்டமின் மாத்திரை. காலையில ஒண்ணு, மத்தியானம் ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. ஒரு வேளை தப்பினதில்ல.

— சரி. இரு, அப்பா எழுந்து வர்றாரு... வாங்கப்பா. தூக்கம் கலைஞ்சிடுச்சா?

— யாரு? கண்ணு வந்திருக்கா! எப்ப வந்தே?

— காலையிலயே வந்துட்டேன்பா. வாசல்ல பேசினோமே.

— அப்படியா? நல்லதாப் போச்சு. அப்ப ரெண்டு தடவை வந்திருக்கே. உட்காரு, உட்காரு. ஆரஞ்சு தின்றியா? நான் உரிச்சுத் தர்றேன். உங்கம்மா சுளையைப் பிச்சுப் பிச்சுக் குடுப்பா, உனக்குப் பிடிக்காது.

— நான் உரிச்சுக்கிறேன்பா. உங்க கை நடுங்குது.

— கையை விடு, அதுக்கு வேற வேலையில்ல. இந்தா. வாயைத் திற.

— நானே... சரி. ம். இனிப்பா இருக்குப்பா.

— தோலு கொஞ்சம் ஒட்டியிருக்கும். துப்பிடு. ஏம்மா தங்கம், என் குடித்தனக்காரங்களை எங்க வச்சிருக்கே? நேரமாச்சில்ல?

— இந்தாங்க கேப்சூல், தண்ணி. பார்த்து முழுங்குங்க.

— கண்ணு, இதுல யாரு இருக்கா தெரியுமா? ஆளுங்க. இத்தனை நாளா என் வயித்துல கெட்டவனுங்க குடியிருந்தானுங்க. ஒரே கூச்சல், கதவை உதைக்கிறது, பாத்திரத்தைத் தூக்கி எறியிறது. அவனுங்களைக் காலி பண்ணச் சொல்லிட்டோம். இப்ப நல்லவங்க குடி வர்றாங்க. உங்கம்மாதான் தினமும் கையைப் பிடிச்சுக் கூட்டிட்டு வர்றா.

— அப்பா, ரெண்டு கையையும் முன்னாடி நீட்டுங்க. டிராபிக் போலீஸ் வண்டியை நிறுத்துவாரே, அந்த மாதிரி.

— இப்படியா?

— அப்படியே பிடிங்க. ஏன் மணிக்கட்டு இப்படி அடிச்சுக்குது?

— இறக்கை முளைக்குது கண்ணு. பறக்கத்தான் இடமில்ல, சீலிங் இடிக்கும். அப்பாடா... தூக்கம் வருதும்மா. நான் அந்தப் பக்கமாப் போய்ச் சாயுறேன். நீ போயிடாதே.

— போகலப்பா. இங்கயே இருக்கேன்.

— பார்த்தியா பாப்பா? 'தங்கம்'னு கூப்பிடுறாரு. இந்த வீட்டுக்கு வந்த நாள்லேருந்து எனக்குப் பேரே கிடையாது. 'ஏய்', 'இந்தா', அவ்வளவுதான்.

— அம்மா, ஈரல் நோயைப் பத்தி நான் வர்ற வழியில போன்ல படிச்சேன். கையை நீட்டச் சொன்னா இறக்கை மாதிரி அடிச்சுக்கிட்டா, விஷம் தலைக்கு ஏறியிருக்குன்னு அர்த்தம். அவர் வாயிலகூட ஏதோ இனிச்சுக் கெட்டுப்போன வாடை வருது. நீ போன்ல ஒரு தடவை சொன்னியே, ஒரு சிரப்பு. பாகு மாதிரி இருக்கும், குடிச்சா நாள் பூரா பாத்ரூமே கதின்னு. அந்தப் பாட்டில் எங்க?

— தீர்ந்துபோச்சு.

— எப்ப?

— தீர்ந்துபோச்சுன்னா தீர்ந்துபோச்சு. அது வயித்தைக் கலக்கித் தள்ளிடுதுடி. நாலு எட்டு நடந்தாலே தள்ளாடுற மனுஷன், எத்தனை தடவை ஓடுவாரு? கேப்சூல்தான் இருக்கில்ல, விட்டமினும் இருக்கு. பக்கவிளைவே கிடையாது.

— வயித்தைக் கலக்கணும்னுதான் அந்தச் சிரப்பே! விஷம் அந்த வழியாத்தான் இறங்கும். கேப்சூலும் விட்டமினும் துணைக்குக் குடுத்தது. பஸ்ல கண்டக்டர் ஜம்முன்னு டிக்கெட் கிழிச்சுட்டு இருக்காரு, டிரைவர் சீட்டுல ஆளே இல்ல. அப்படி இருக்கு நீ சொல்றது.

— எனக்கு என்னத்தத் தெரியும்? நல்ல கிருமி உள்ள போச்சு, மனுஷன் நல்லவராயிட்டாருன்னு நினைச்சேன்.

— நிஜமாவே அப்படி நினைச்சியா?

— நினைச்சா என்னவாம்? கெட்ட கிருமி ஒரு மனுஷனோட ஈரலையே தின்னும்போது, நல்ல கிருமி குணத்தை மாத்தக் கூடாதா?

— ரிவர்ஸ் எடுக்காதம்மா. என் முகத்தைப் பார்த்துச் சொல்லு. சிரப்பு எப்ப நின்னுச்சு?

— வெங்காயம் கருகுது, அடுப்பைக் குறை.

— அடுப்பே இன்னும் பத்த வைக்கல. அம்மா.

— முதல் தடவை இவருக்குப் புத்தி தடுமாறினப்பவே இப்படித்தான் ஆனாரு. 'தங்கம்'னாரு, தலையைத் தடவினாரு. நான் பயந்துட்டேன். பேய் பிடிச்சவரைப் பார்க்கிற மாதிரி பார்த்தேன். ஆஸ்பத்திரிக்குக் கூட்டிட்டு ஓடினேன். அங்கதான் இந்தச் சிரப்பு, கேப்சூல், விட்டமின் எல்லாம் எழுதினாங்க. மூணும் சேர்த்துத்தான் குடுத்தேன். ஒரு வேளை விடாமக் குடுத்தேன். தெளிஞ்சாரு. நல்லாத் தெளிஞ்சாரு.

— அப்புறம்?

— வீட்டுக்கு வந்தப்ப நடக்கத் தெம்பு கிடையாது. சுவரைப் பிடிச்சுப் பிடிச்சுத்தான் நடப்பாரு. ஒரு நாள் சமையல் மேடையில உப்பு சிந்திக் கிடந்துச்சு. அந்தச் சுவர்லேருந்து கையை எடுத்தாரு பாரு, என்னை அடிக்கிறதுக்குத்தான் எடுத்தாரு. அடிச்சிட்டு, விழப்போயி, என் தோளையேதான் பிடிச்சுக்கிட்டாரு.

— நீ எனக்குச் சொல்லவே இல்ல.

— என்னத்தச் சொல்ல? புதுசா? குடிகாரரா இருந்திருந்தா குடியைத் திட்டியிருப்பேன். பாட்டிலைத் தூக்கிப் போட்டு உடைச்சிருப்பேன். இவரு தெளிவாத்தானே இருந்தாரு எப்பவும்? யாரைத் திட்ட? எதை உடைக்க?

— சரி. சரிம்மா. உட்காரு.

— ஒரு நாள் சிரப்பு தீர்ந்துடுச்சு. கடை அடைச்சிருந்துச்சு. மறுநாளும் அடைச்சிருந்துச்சு. அதுக்கு அடுத்த நாள் காலையில எழுந்து உட்கார்ந்துக்கிட்டு, 'தங்கம், நீ சாப்பிட்டியா'ன்னு கேட்டாரு. அப்புறம் கடை திறந்துட்டான். போனேன். கேப்சூல் வாங்கினேன். விட்டமின் வாங்கினேன். சிரப்பு பேரு வாய் வரைக்கும் வந்துச்சு, பாப்பா. வெளிய வரல. அடுத்த மாசமும் வரல.

— இது என்னன்னு தெரியுமாம்மா உனக்கு?

— தெரியும்.

— ஒரு நாள் தூங்குவாரு, எழுந்திரிக்கவே மாட்டாரு.

— தெரியும்டி. நான் விஷம் வைக்கல. குடுக்க வேண்டியதைக் குடுக்கல. ரெண்டுக்கும் நடுவுல எவ்வளவு இடம் இருக்குன்னு தினமும் பாத்திரம் கழுவும்போது யோசிக்கிறேன். பெருசா ஒண்ணும் இடமில்ல. ஆனா கேட்டுக்கோ, அவர் பக்கத்துல உட்கார்ந்து டிவி பார்க்கிறேன். தோள்ல சாய்ஞ்சு தூங்குறாரு. என் உள்ளங்கையைக் கன்னத்துல வச்சுக்கிறாரு. கல்யாணம்னா இதுதான்னு எல்லாரும் சொன்னாங்களே, அது எனக்கு இப்பத்தான் வந்திருக்கு. உடனே திருப்பிக் குடுத்துடுன்னா எப்படிக் குடுப்பேன்? என்னடி, நீ எதுக்கு அழறே?

— வெங்காயம்.

— நறுக்கி எவ்வளவு நேரமாச்சு!

— எனக்கு ஆரஞ்சு ஊட்டினாரும்மா. நான் என்ன சுளை சாப்பிடுவேன், எப்படிச் சாப்பிடுவேன்னு இவருக்குத் தெரிஞ்சிருக்கு. இத்தனை வருஷமாத் தெரிஞ்சிருக்கு, உள்ளயே வச்சிருந்திருக்காரு.

— ம்.

— நான் இப்பவே கடைக்குப் போறேன். சிரப்பு வாங்கிட்டு வர்றேன்.

— போ. நான் தடுக்கல. இனிமே என்னால தடுக்க முடியாது.

— போகணும்.

— போ.

— அம்மா... நாளைக்குக் காலையில ஆரம்பிச்சா என்னவாகும்? இத்தனை நாள் தாங்கினாரு. சாயங்காலம் அவர் எழுந்ததும் கொஞ்சம் பேசணும். சின்ன வயசுல நான் சைக்கிள்லேருந்து விழுந்தேனே, அது ஞாபகம் இருக்கான்னு கேக்கணும். ஒரே ஒரு சாயங்காலம். நாளைக்குக் காலையில கடை திறந்ததும் நானே போறேன்.

— நான் எதுவும் சொல்ல மாட்டேன், பாப்பா. நானும் முதல்ல ஒரு நாள்னுதான் ஆரம்பிச்சேன்.

*

— அப்பா. அப்பா, சாயங்காலமாச்சு. எழுந்திரிங்க. அம்மா, இங்க வா! அப்பா குறட்டை விடுற சத்தமே ஒரு மாதிரி இருக்கு.

— அப்படித்தான் தூங்குவாரு. தோளைத் தட்டு.

— தட்டிட்டேன். கிள்ளியும் பார்த்துட்டேன். கண்ணு பாதி திறந்திருக்கு, பார்க்கல. அம்மா, இவருக்குக் கடைசியா எப்ப வயித்தால போச்சு?

— ரெண்டு மூணு நாளா... கேட்டா 'போனேன் தங்கம்'பாரு. நான் கேட்டுட்டு விட்டுடுவேன்.

— காலைப் பிடி. இல்ல, விடு, நாம தூக்க முடியாது. ஆம்புலன்ஸுக்குப் போன் பண்றேன்.

— என்னங்க! என்னங்க, கண்ணைத் திறங்க. என்னைத் திட்டுங்க. ஏய்னு ஒரு தடவை சொல்லுங்க. கடவுளே, ஒரு தடவை ஏய்னு சொல்லுங்க!

*

— பாப்பா, டாக்டர் என்ன சொன்னாரு? நீ மட்டும் உள்ள போய் இவ்வளவு நேரம் பேசிட்டு வர்றே.

— எனிமா குடுத்து, மூக்குல குழாய் வழியா அதே சிரப்பைத்தான் விட்டிருக்காங்க. கேப்சூலும் விட்டமினும் ஒரு கெடுதலும் பண்ணல, அதை நம்பி மத்ததை விட்டதுதான் தப்புன்னாரு. ராத்திரி வரைக்கும் வீட்டுலயே விட்டிருந்தா அவ்வளவுதானாம். இப்பத் தேறிட்டு வர்றாரு.

— நான் நிறுத்தினதைக் கேட்டாரா?

— கேட்டாரு. நான்தான் போன்ல நிறுத்தச் சொன்னேன்னு சொல்லிட்டேன். படிச்சவ மாதிரி ஏதோ உளறினேன்னு.

— எதுக்குடி?

— நேத்து மத்தியானம் கடைக்குப் போயிருக்க வேண்டியது நான். போகல. அதனால பாதி என்னோடது. நீ இங்கயே உட்காரு, முகத்தைக் கழுவிக்கோ. நான் போய்ப் பார்த்துட்டு வர்றேன்.

*

— முழிச்சிட்டீங்களாப்பா?

— இந்த பெட்ஷீட்டை எவன் தைச்சான்?

— தெரியலப்பா.

— ஓரத்தைப் பாரு, பாம்பு போற மாதிரி போகுது. மடிப்பு ஒரு இடத்துல கால் இன்ச், ஒரு இடத்துல முக்கால். இவனையெல்லாம் மெஷின்ல உட்கார வச்சவனைச் சொல்லணும். நீ எதுக்கு இங்க வந்தே?

— உங்களைப் பார்க்கத்தான்.

— யாரு வரச் சொன்னா? அவளா? அவ எங்க?

— வெளிய உட்கார்ந்திருக்கா.

— சிரப்பு எப்பலேருந்து குடுக்கல?

— அது என் தப்புப்பா. நான்தான் அம்மாகிட்ட கேப்சூலும் விட்டமினும் போதும்னு...

— காதைத் தொடாதே. பொய் சொன்னா காதைத் தொடுவே, மூணு வயசுலேருந்து. வழவழன்னு அந்தப் பாகு மூணு மாசமா என் தொண்டையில இறங்கல. எனக்குத் தெரியும். நாக்குக்கு மறதி கிடையாது.

— அப்பா, அம்மாவை ஒண்ணும் சொல்லாதீங்க. சொல்லணும்னா என்னைச் சொல்லுங்க.

— நான் ஒண்ணும் சொல்லல. தண்ணி குடு.

— இந்தாங்க. ஐயோ, கொட்டிடுச்சு...

— கண்ணு எங்க வச்சிருக்கே, கழுதை! ஒரு டம்ளர் பிடிக்க வக்கில்ல, இதுல ஊருக்கு வண்டி ஓட்டச் சொல்லிக் குடுக்கிறாளாம்! மூஞ்சியைப் பாரு. துடை!

— துடைச்சுட்டேன்பா. வேற தண்ணி பிடிச்சுட்டு வரவா?

— வேண்டாம். உட்காரு. பயப்படாதே, உட்காரு. கையைத் தூக்கக்கூட இப்ப எனக்குத் தெம்பில்ல.

— பயமில்லப்பா.

— பொய். திரும்பவும் காதைத் தொடுறே. நான் ஒண்ணு கேக்கிறேன். அந்த ஆளு நல்லவனா?

— எந்த ஆளுப்பா?

— புத்தி கலங்கின ஆளு. இவ்வளவு நாளா உங்கம்மாகூட வீட்டுல இருந்தானே, அவன்.

— அப்பா...

— எனக்கு எல்லாம் ஞாபகமில்ல. துண்டு துண்டா இருக்கு, வெட்டிப் போட்ட துணி மாதிரி. ஒரு துண்டு மட்டும் நல்லா இருக்கு. அவ என் பக்கத்துல சோபாவுல உட்கார்ந்திருக்கா. ஜன்னல் பக்கம். கட்டின நாள்லேருந்து அவ எந்த ரூம்ல உட்கார்ந்தாலும் கதவுக்குப் பக்கத்துலதான் உட்காருவா. காத்துக்காகன்னு சொல்லுவா. எதுக்குன்னு எனக்குத் தெரியும். கேட்டதில்ல. அன்னிக்கு ஜன்னல் பக்கம் உட்கார்ந்து, எதுக்கோ சிரிக்கிறா. பல்லு தெரியச் சிரிக்கிறா. அவளுக்கு ஓரத்துல ஒரு பல்லு மேல ஏறி இருக்கு. நான் அதுக்கு முன்னாடி பார்த்ததே இல்ல.

— இருக்குப்பா. எனக்கும் அதே பல்லு இருக்கு.

— கேட்டதுக்குப் பதில் சொல்லு. நல்லவனா?

— நல்லவர்ப்பா. எனக்கு ஆரஞ்சு உரிச்சு ஊட்டினாரு.

— ஒழுங்கா உரிச்சானா?

— பாதி தோலோட.

— உருப்படாதவன். சரி, அவனே இருக்கட்டும்.

— என்னப்பா சொல்றீங்க?

— சிரப்பு வேண்டாம். வீட்டுக்குப் போனதும் கேப்சூலும் விட்டமினும் குடுங்க, போதும். நான் எழுதி வேணா தர்றேன், யாரையும் கேள்வி கேக்க மாட்டாங்க. அவன் எத்தனை நாள் ஓடுறானோ ஓடட்டும்.

— செத்துப்போயிடுவீங்கப்பா.

— செத்தா நான்தானே சாவேன்? அவளுக்கு ஒரு நஷ்டமும் இல்ல. ஒண்ணாவது அவளுக்கு நல்லதாப் பண்ணிட்டுப் போறேன்.

— நல்லது பண்ணணும்னா அதுக்குப் புத்தி கலங்கணுமா? தெளிஞ்சு இருக்கும்போதே பண்ணலாமே. கூப்பிடவா? 'தங்கம்'னு ஒரு தடவை சொல்லுங்க. சிரப்பைக் குடிச்சிட்டே சொல்லலாம்.

— வராது.

— முயற்சி பண்ணிப் பாருங்க.

— இப்ப டம்ளர் தண்ணிக்கே என்ன ஆச்சுன்னு பார்த்தேல்ல? அடக்கணும்னு நினைச்சுக்கிட்டேதான் படுத்திருந்தேன். நீ உள்ள வரும்போதே நினைச்சேன், இன்னிக்கு ஒரு வார்த்தை கடுசாப் பேசக் கூடாதுன்னு. என்ன வந்துச்சு வாயில? இது ஆரம்பத்துலயே தப்பா வெட்டின துணி. பிரிச்சுத் தைச்சாலும் அந்த உடம்புக்குப் பொருந்தாது.

— அப்பா, அப்படிச் சொல்லித் தப்பிச்சுக்காதீங்க.

— போய் அவளைக் கூப்பிடு. நானே சொல்றேன்.

— கூப்பிட வேண்டாம். வந்துட்டேன். பாப்பா, அந்தத் தலகாணியை அவர் முதுகுக்கு வை. என்னங்க, கொஞ்சம் எழுந்து உட்காருங்க. நர்ஸ் ஊத்திக் குடுத்தாங்க. குடிங்க.

— அது என்ன, சிரப்பா? வேண்டாம். இப்பதான் பாப்பாகிட்டச் சொன்னேன்.

— கேட்டேன். கதவுக்கு அந்தப் பக்கம்தான் நின்னுட்டிருந்தேன்.

— கேட்டேல்ல? அப்புறம் என்ன? கோபமில்ல எனக்கு. நீ நிறுத்தினது சரிதான். மனசறிஞ்சுதான் சொல்றேன்.

— நான் நிறுத்தினது சரியில்ல. டாக்டர்கிட்டப் போய் நான்தான் நிறுத்தினேன்னு சொல்லிட்டுத்தான் வந்தேன். பாப்பா உளறினது எதுவும் நிஜமில்லன்னும் சொல்லிட்டேன். இனிமே ஒரு வேளை தப்பக் கூடாது. குடிங்க.

— ஏய், சொன்னாப் புரியாது உனக்கு? இதைக் குடிச்சா நான் நானாத்தான் இருப்பேன்.

— தெரியும்.

— உனக்கு அந்த ஆளுதானே வேணும்?

— வேணும்தான். அவரு தைச்ச சட்டையைப் போட்டுக்கிட்டுத்தான் இங்க வந்து நிக்கிறேன்.

— அப்புறம் எதுக்கு இதை என் வாயில ஊத்தப் பார்க்கிறே?

— நேத்து நீங்க கண்ணைத் திறக்காமக் கிடந்தப்ப, ஏய்னு கூப்பிட மாட்டாரான்னு கதறினேன். அப்பவே எனக்கு என் மேலயே வெறுப்பாப் போச்சு. ஒண்ணு இந்த ஏய், இல்ல அந்தச் சாவு. வேற எதுவுமே எனக்குக் கிடையாதான்னு வெளிய பெஞ்சுல உட்கார்ந்து யோசிச்சேன். யோசிச்சு உங்க தம்பிக்குப் போன் பண்ணினேன். நம்ம வீட்டுல வந்து தங்குறேன்னாரு. சிரப்பு எவ்வளவு, எந்த நேரம், எல்லாம் சொல்லிட்டேன். கேப்சூலை பிரிட்ஜுல வைக்கணும்னும் சொன்னேன்.

— அவன் எதுக்கு நம்ம வீட்டுக்கு? நீ இருக்கேல்ல?

— பாப்பா அவ வீட்டுக்கு வான்னு கூப்பிட்டு எத்தனை வருஷமாச்சு.

— அம்மா...

— நீ சும்மா இரு பாப்பா. என்னங்க, நல்லாத் தெளிஞ்சு கேட்டுக்கோங்க, அதுக்குத்தான் இதைக் குடிக்கச் சொல்றேன். அந்த மனுஷனை விட்டுட்டு என்னால ஒரு அடி நகர முடியாது. உங்களை விட்டுட்டு நான் போயிடுவேன்.